மயில் சிம்மாசனத்தில் ஒரு முன்னாள் எம்.பி.

பேர்ன் போகும் ரயிலில் எங்களுக்கு இருக்க இடம் கிடைக்கவில்லை. ஜெர்மனிக்குள் வண்டி தாமதித்ததில், ஆசனம் பதிவு செய்திருந்த இணைப்பு ரயில் எங்களுக்காகக் காத்திராமல் போய்விட்டது. அதற்கடுத்த ரயிலில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், நெதர்லாந்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் என் மகளின் பம்பர்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார்.

அவர் பெயர் லீஸ்பெத். அவருக்கு வரும் கடிதங்களை வாசித்துப் பதில் எழுதுவது என் வேலை. போன தேர்தலில் அவர் தோற்றதும் அலுவலகம் கைவிட்டுப் போனது. கடிதங்கள் நிற்கவில்லை, அதனால் நானும் நிற்கவில்லை. பிள்ளைகளும் இணையமும் பற்றிப் பேர்னில் ஒரு மாநாடு, அதில் பேச அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். என் அக்கா சுகந்தி பேர்னை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் இருப்பதால், இரண்டு வயது இனியாவையும் தூக்கிக்கொண்டு நானும் கிளம்பினேன். இருமலோடு இருந்த பிள்ளையைக் கூட்டி வந்தது சரியா என்று எல்லை தாண்டும்வரை யோசித்தேன். தாண்டிய பிறகும் யோசித்தேன்.

கழிப்பறைக்கு வந்த ஒரு டச்சுக்காரர் லீஸ்பெத்தை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கள்தானே பிள்ளைகளின் போனைப் பறிக்க வந்த ஆள்? இப்போது உங்கள் ஆசனத்தையே பறித்துவிட்டார்கள் போல!"

"ஆமாம். ஆனால் இங்கே காலை நீட்டலாம்" என்றார் லீஸ்பெத், காலை நீட்டியபடி.

அந்த மனிதர் சிரித்துக்கொண்டு போனார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இவர் யாருடைய போனையும் பறிக்கப் பார்த்தவர் இல்லை.

லீஸ்பெத் ஒரு சின்ன ஊரின் ஆரம்பப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். அந்தப் பள்ளி ஒரு செயலியை வாங்கியது. வகுப்பில் எடுக்கும் படங்கள் அன்றே பெற்றோரின் போனுக்குப் போய்விடும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆசிரியர் கூட்டத்தில் இவர் மட்டும் கையை உயர்த்தி, "இந்தப் படங்களை வேறு யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். பதில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே நகரசபைக்குப் போனார், பிறகு நாடாளுமன்றத்துக்கும் போனார். மற்றவர்கள் வீடமைப்பு, வரி, விவசாயம் என்று பெரிய துறைகளுக்கு அடிபட்டபோது, யாரும் சீண்டாத டிஜிட்டல் கொள்கையைக் கேட்டு வாங்கினார். வரும் அறிக்கைகளைக் கொப்பி திருத்துவது போலச் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பி அனுப்புவார். அமைச்சகத்தில் அதை ஒரு பகிடியாகச் சொல்வார்கள்.

கலியாணம் செய்து புதிதாக நெதர்லாந்து வந்த காலத்தில், எங்கள் ஊர் நூலகத்தில் டச்சு பேசிப் பழக ஒரு வகுப்பு நடந்தது. எம்.பி.யாக இருந்தும் விடுமுறை நாட்களில் அதில் சொல்லிக்கொடுக்க வந்தவர் லீஸ்பெத். அப்படித்தான் பழக்கம்.

அவர் எழுதிய சட்ட முன்மொழிவை ஒரு பிள்ளைக்குக்கூட விளங்கப்படுத்தலாம். பிள்ளையின் படத்தையோ வீடியோவையோ பகிரங்கமாகப் போடுகிறவர், கேட்டால் உடனே அதை நீக்க வேண்டும். விபரம் தெரிந்த பிள்ளையென்றால், போடுவதற்கு அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். நாடாளுமன்றக் குழுவில் இழுபறிப்பட்டு, கடைசியில் பிள்ளையின் சம்மதம் என்ற வரியை வெட்டிவிட்டு, "பெற்றோர் சம்மதம் போதுமானது" என்று எழுதினார்கள். மிச்சத்தை மேலதிக ஆய்வுக்கு என்று அலுமாரிக்குள் வைத்தார்கள். அந்த நாட்களில் அவருடைய முகத்தை ஒட்டி அசிங்கமான படங்கள் இணையத்தில் வந்தன. அந்தத் தளத்துக்கு முறைப்பாடு செய்தோம். விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை முதலில் திறந்து வாசித்தவள் நான். பிறகு தேர்தல் வந்தது. டிஜிட்டல் வாக்குக் கொண்டுவராது என்று சொல்லி, கட்சி அவர் பெயரைப் வேட்பாளர் பட்டியலின் அடியில் போட்டது.

இத்தனையையும் நான் கோபமாகச் சொல்கிறேன். அவர் சொல்வதானால் அதில் ஒரு பகிடி இருக்கும்.

பேர்னில் லீஸ்பெத் விடுதிக்குப் போக, நான் பஸ் எடுத்து அக்கா வீட்டுக்குப் போனேன். சுவிஸ் பஸ்ஸில் இனியா இருமினாலும் எல்லோரும் யன்னலைப் பார்க்கிறார்கள். நெதர்லாந்தில் என்றால் யாராவது ஒருவர் மருந்து சொல்லியிருப்பார். அங்கே வீடுகளுக்குத் திரைச்சீலையே போடமாட்டார்கள், போகிற வருகிற எல்லோரும் சோபா என்ன நிறம் என்று பார்க்கலாம். இங்கே பகலிலும் யன்னல்களின் மரப் பலகைக் கதவுகளை இழுத்துச் சாத்தி வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் எல்லோருடைய அந்தரங்கமும் பத்திரமாக இருக்கிறது என்று அந்தப் பஸ்ஸில் இருந்து நினைத்தேன்.

அக்கா புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தாள். இனியா சோற்றுக்கு அழுது, சோறு வந்ததும் புட்டுக்கு அழுதாள். அக்காவின் மகள் அபிராவை, பதின்மூன்று வயது, காணவில்லை.

"அறைக்குள்ளதான் கிடக்கிறாள். லீவு துடங்கின நாளிலயிருந்து உப்பிடித்தான். நீ இரு, உனக்கு வீடியோ போட்டுக் காட்டுறன். விசா அலுவலால நீ சாமத்திய வீட்டுக்கு வரேல்லையே" என்றாள் அக்கா.

அபிரா வயதுக்கு வந்ததற்குச் செய்த சடங்கு, பெரிய ரீவியில் யூடியூபில் திறந்தது. மண்டபத்தை மேலிருந்து சுற்றிக் காட்டும் ட்ரோன், குதிரை வண்டி, புகை, பிறகு றெஜிபோம் நுரைப்பலகையில் செய்த இரண்டு மயில்களுக்கு நடுவே சிம்மாசனத்தில் அபிரா. கீழே அவளுடைய முழுப் பெயர் பொன் எழுத்தில். வடிவாகத்தான் இருந்தாள். அடுத்து மாமி அவள் தலையில் பால் வார்க்கும் காட்சி. அறைக் கதவு படாரென்று திறந்தது.

"அம்மா! நிப்பாட்டுங்கோ! நீங்கள் ஒவ்வொருக்காப் போடேக்கயும் வியூஸ் கூடுது!"

கதவு மறுபடி சாத்தப்பட்டது. கீழ்வீட்டு அம்மா தடியால் கூரையைத் தட்டினார். மத்தியானம் அமைதி நேரமாம், கதவு அடிக்கக் கூடாதாம்.

நடந்ததை அக்கா மெல்லச் சொன்னாள். ட்ரோனால் எடுக்கத் தனியாகக் காசு அறவிடுவார்கள். வீடியோவைத் தங்கள் யூடியூப் சனலில் பகிரங்கமாகப் போட விட்டால் ட்ரோன் இலவசம் என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருக்கிறார். அக்காவும் அத்தானும் சரி என்று கையெழுத்து வைத்துவிட்டார்கள். லீவு விடுவதற்கு முதல் கிழமை வகுப்புப் பெடியன்கள் அபிராவின் பெயரைத் தேடியிருக்கிறார்கள். வீடியோ வந்தது. அது எதற்காகச் செய்யும் சடங்கு என்றும் தேடிப் பிடித்துவிட்டார்கள். பால் வார்க்கும் காட்சிக்கு ஒரு மாட்டுச் சத்தம் சேர்த்து வகுப்புக் குழுவில் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அபிரா போகமாட்டேன் என்கிறாள்.

"வீடியோவை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டனியோ, அக்கா?"

"கேட்டனான். ஸ்டூடியோக்காரர் ஏலாது எண்டுறார். எல்லாரும் போடினம்தானேடி. இவள்தான் பெரிசாக்கிறாள்."

எனக்கு வாய்வரை வந்த பேச்சை அக்காவின் அடுத்த வசனம் நிறுத்தியது.

"எனக்கு நடந்தது நாங்கள் சண்டையில இடம்பெயர்ந்த நேரம். பள்ளிக்கூட வகுப்பறைக்குள்ள சீலையை மறைச்சுப் பிடிச்சுத் தண்ணி வார்த்தவை. ஒரு படம் இல்லை. என்ர பிள்ளைக்கு எண்டாலும் இருக்கட்டும் எண்டுதான்."

யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் பாத்திரம் கழுவினேன். நெதர்லாந்தில் ஊரிலிருந்து வரவழைத்த வாழை இலை, இங்கே வாடகை மண்டபம், எங்கேயென்றாலும் நாங்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். தன் பிள்ளையை ஊரே பார்க்க வேண்டும் என்ற ஆசை தப்பா? பார்க்கிற ஊர் மாறிவிட்டது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் மாநாடு. பழைய கட்டடம், நல்ல கோப்பி, ஒவ்வொரு கோப்பைக்குப் பக்கத்திலும் ஒரு சின்னச் சொக்லேற். காலை முழுவதும் ஒரு பெரிய இணைய நிறுவனத்தின் ஆள் பேசினார். லீஸ்பெத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, உருகிய பாலாடைக்கட்டியைச் சாப்பிட்டுப் பாதிப்பேர் உறங்கும் நேரத்தில் விட்டார்கள். நேரம் போய்விட்டது, சுருக்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் சிரித்த முகத்தோடு சீட்டு நீட்டினாள். கடைசி வரிசையில் இனியாவுக்கு பிஸ்கட் கொடுத்தபடி நான் பல்லைக் கடித்தேன்.

லீஸ்பெத் முடித்ததும் அந்த நிறுவன ஆள் கையை உயர்த்தி, "மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். எங்கள் தளத்தில் பிள்ளைகளின் படங்களைப் போடுகிறவர்கள் நாங்கள் அல்ல. பெற்றோர். சட்டம் தேவையில்லை, குடும்பங்களுக்கு அறிவு தேவை" என்றார். மண்டபம் கைதட்டியது. எனக்கு அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. விடிய எழும்பி ஆஸ்பத்திரி வார்டுகளைத் துடைத்துவிட்டு வருகிற என் அக்காவுக்கு அறிவு இல்லையாம். அந்த வீடியோ ஓடும்போது நடுவில் வரும் விளம்பரத்துக்குக் கிடைக்கிற காசை எடுக்கிறவருக்கு மட்டும் பொறுப்பே இல்லையாம்.

பின்னேரம் லீஸ்பெத்தை ஓஸ்டர்முண்டிகனுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனேன். அபிராவின் விஷயத்தை வழியில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று படியேறும்போது யோசித்தேன். அவர் சாப்பிட உட்காரவில்லை. அபிராவின் கதவைத் தட்டி ஜெர்மனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதைப் பற்றி உன்னோடு பேச எனக்கு அனுமதி உண்டா?"

கதவு திறந்தது. அபிரா என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "சித்தி, இவதான் முதல் கேட்ட ஆள்."

"என்ன கேட்டவ?"

"என்னைக் கேட்டவ. நான் அசிங்கமா இருக்கிறன் எண்டு சொல்லேல்லை. வடிவாத்தான் இருக்கிறன். ஆனா என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. அம்மா வீட்டில பாக்கட்டும், அவவுக்கு விருப்பம். உலகத்துக்கு வேண்டாம். திங்கட்கிழமைக்கு முதல் எடுக்கோணும், அவ்வளவுதான்."

அக்கா குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த நாட்டுச் சட்டத்தில் வழி இருக்கலாம் என்றார் லீஸ்பெத், எழுதிப் போட்டு, காத்திருந்து, வழக்கறிஞர் பிடித்து. திங்கட்கிழமைக்குள் நடக்காது. "அப்படியானால் போய்க் கேட்போம்" என்றார்.

சனிக்கிழமை அபிராவை அத்தானோடு வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் ட்ராமில் பூம்ப்ளிஸ் போனோம். ஸ்டூடியோ ஒரு அடுக்குமாடியின் நிலக்கீழ் அறையில் இருந்தது. உள்ளே போனதும் வீடியோவில் பார்த்த அதே றெஜிபோம் மயில்களும் சிம்மாசனமும். ஸ்டூடியோக்காரர் ஜெகன் அண்ணை நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பொரித்த உறைப்பு ரோல்ஸும் தேத்தண்ணியும் வைத்தார், இனியாவுக்கு ஒரு பலூன் ஊதிக் கொடுத்தார்.

"என்ர டொச், உந்த ஜெர்மன் பாசை, கட்டிட வேலையில பழகினது, தங்கச்சி. மேடத்துக்குச் சரிவராது. நான் தமிழில கதைக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ. உந்த வீடியோதான் என்ர விளம்பரம். அதைப் பாத்துத்தான் லோசானில இருந்தெல்லாம் புக் பண்ணினம். தாய் தகப்பன் ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சிட்டினம். இனி என்ன?"

அக்கா முன்னுக்கு வந்து, "பிள்ளை பள்ளிக்கூடம் போறாளில்லை, அண்ணை" என்றாள்.

"சுகந்தியக்கா, நீங்கள்தானே சொன்னனீங்கள், எல்லாரும் பாக்கிற மாதிரி வடிவா எடுங்கோ எண்டு? ட்ரோனும் சும்மா விட்டனான். கொஞ்ச நாளில பிள்ளையே பெருமையாக் காட்டுவாள், பாருங்கோ."

நான் மொழிபெயர்த்தேன். "பெற்றோர் சம்மதம் போதுமானது என்கிறார்." நாடாளுமன்றத்தில் வெட்டிய வரிக்குப் பதிலாக எழுதியதும் இதே வசனம்தான். அது ஒரு நிலக்கீழ் அறையில், ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில், தமிழில் எங்கள் முன்னால் வந்து நின்றது. லீஸ்பெத்துக்கும் விளங்கியது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஜெகன் அண்ணையை உற்றுப் பார்த்தார்.

அந்தப் பார்வையை ஜெகன் அண்ணை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "தங்கச்சி, மேடம் நெதர்லாந்து மினிஸ்டரோ?"

"இல்லை அண்ணை. எம்.பி. இப்ப அதுவும் இல்லை."

"எம்.பி. எண்டாலும் பெரிய ஆள்தானே. எங்கட ஸ்டூடியோவில ஒரு படம் எடுக்கலாமோ எண்டு கேளுங்கோவன்."

லீஸ்பெத் யாருக்கும் படம் எடுக்கக் கொடுப்பதில்லை. முகத்தை வைத்து அந்த அசிங்கங்களைச் செய்த பிறகு அறவே இல்லை. முதல்நாள் மாநாட்டுப் படப்பிடிப்பாளரைக்கூடக் கையால் மறித்தவர். நான் கேட்க மாட்டேன் என்று நின்றேன். "என்ன சொல்கிறார்?" என்று அவர் விடாமல் கேட்டார். சொன்னேன். மயில்களைப் பார்த்தார். பிறகு, "படம் கொடுத்தால் அவர் என்ன தருவார் என்று கேள்" என்றார்.

"வேண்டாம், லீஸ்பெத். இது அநியாயம்."

"நான் அரசியல்வாதி. பேரம் பேசுவதுதான் என் தொழில். கேள்."

கேட்டேன். ஜெகன் அண்ணை தலையைச் சொறிந்தார். சனலில் போடலாமோ? போடலாம். மாலையோடு? மாலையோடும் சரி. "அப்ப எடுப்பம்" என்று எழும்பினார்.

அவரைச் சிம்மாசனத்தில் ஏற்றினார். தோளில் பொன்னாடை, கழுத்தில் நைலோன் மல்லிகை மாலை. மழைச் சப்பாத்து கீழே தெரிந்தது. இனியா ஒரு மயிலின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தாள். இருபுறமும் விளக்குப் போட்டு, ஜெகன் அண்ணை கமராவுக்குப் பின்னால் குனிந்தார்.

"மேடத்தைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கோ."

சொன்னேன். லீஸ்பெத் மாலையைச் சரிசெய்தபடி, "அந்த வீடியோ போன பிறகு சிரிக்கிறேன் என்று சொல்" என்றார்.

ஜெகன் அண்ணை என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "பொல்லாத மனுசி!" என்று சொல்லிக்கொண்டே கணினிக்கு முன்னால் குந்தினார். அக்கா அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். யூடியூபில் ஒன்று, முகநூலில் ஒன்று, சின்ன விளம்பரத் துண்டு ஒன்று. எல்லாம் போனது. முழு வீடியோவை ஒரு பென்டிரைவில் போட்டு அக்காவின் கையில் தந்தார். அக்கா அதைக் கைப்பைக்குள் வைக்காமல், உள்ளங்கையிலேயே மூடிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு லீஸ்பெத் சிரித்தார். பளிச்சென்று விளக்கு அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் குப்பை கொண்டுபோன இடத்தில் இரண்டு கண்ணாடிப் போத்தல்களைத் தொட்டிக்குள் போட்டேன். பல்கனியில் இருந்து ஒருவர் கத்தினார். ஞாயிறில் போத்தல் போடக் கூடாதாம், சத்தம் வருமாம், தண்டனையும் உண்டாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். படியேற ஏறத்தான் எனக்குக் கோபம் ஏறியது. ஒரு போத்தல் உடைகிற சத்தம் யாரையும் தொந்தரவு செய்யாமல் இருக்க இங்கே விதி எழுதி வைத்திருக்கிறார்கள், அதை ஒரு பல்கனியில் இருந்தே அமுல்படுத்துகிறார்கள். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்காக ஒருவர் மாலை போட்டுக்கொண்டு மயிலுக்கு நடுவே குந்த வேண்டியிருக்கிறது.

அன்று பின்னேரம் அபிரா என்னிடம் வந்தாள். "சித்தி, வீடியோ போயிட்டுது. ஆனா பெடியன்களிட்ட அந்த மாட்டுச் சத்தக் கிளிப் இருக்கும்." நான் இதை எதிர்பார்த்திருந்தேன். பள்ளிக்கூடப் பை மேசையில் திறக்காமல் கிடந்தது.

திங்கட்கிழமை காலை அவள் எழும்புமுன்பே நாங்கள் ரயிலுக்குக் கிளம்பிவிட்டோம். பள்ளிக்கூடம் போனாளா இல்லையா என்று அக்காவுக்கும் தெரியாது, அக்கா விடியவே வேலைக்குப் போய்விட்டாள். இந்தத் தடவை எங்களுக்கு ஆசனம் இருந்தது. பிள்ளைகளுக்காகச் சறுக்கு மரம் வைத்த ரயில் பெட்டியில் இனியா ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். நான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜெகன் அண்ணையின் சனலில் முதலாவதாக லீஸ்பெத் இருந்தார். "நெதர்லாந்து டிஜிட்டல் அமைச்சர் எமது கலையகத்தில்!" அவருக்கு நாடாளுமன்றத்தில் கிடைக்காத பதவி.

மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட வீட்டுக்குப் போகும் நேரம், அபிராவின் செய்தி வந்தது.

"சித்தி போனனான். பெடியள் எல்லாருக்கும் காட்ட எண்டு திரும்ப சனலைத் திறந்தவங்கள். நான் இல்லை. அந்த மனுசி மாலையோட சப்பாத்தோட இருக்கிறா. வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சது. கிளிப்பை ஒருத்தரும் கேக்கேல்லை."

லீஸ்பெத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவளும் சிரித்தாளா என்று கேள்" என்றார்.

கேட்டேன். பதில் உடனே வந்தது. "ஓம். நானும்தான்."

"இத்தனை வருஷத்தில் நான் கொண்டுவந்ததில் நடைமுறைக்கு வந்த முதல் ஏற்பாடு இதுதான்" என்று சொல்லி, ஜெகன் அண்ணை கட்டித் தந்த ரோல்ஸில் ஒன்றை எடுத்துக் கடித்தார் லீஸ்பெத். உறைப்பில் கண்ணீர் வழிய, அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எதிரே இருந்த சுவிஸ் தம்பதி யன்னலைப் பார்த்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாடாளுமன்றம் செய்திருக்க வேண்டிய வேலையை இரண்டு றெஜிபோம் மயில்கள் செய்ததில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?